அடைவுநிலை வேறுபாடும் காரணப் பட்டியல்களும்: ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மாணவரிடையே காணலாகும் அடைவுநிலை வேறுபாடு பற்றித் தமிழ்க் கல்வியுலகில் எழுந்த கட்டுரைகள் பலவாகும். ஆசிரியர் பயிற்சி மாணவரின் இடுபணி முதல் பட்ட மேற்படிப்பு ஆய்வேடு வரை அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றாகவே உள்ளது. வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை, மாணவரின் ஆர்வமின்மை, கற்பித்தலில் குறைபாடு எனக் காரணங்கள் வரிசைப்படுத்தப்படும். தாழ்வு மனப்பான்மை, பள்ளிக்கு வாராமை, இடைநிற்றல் என விளைவுகள் அடுத்த வரிசையில் அமையும். பெற்றோரும் ஆசிரியரும் ஒத்துழைத்தல் வேண்டும் என்னும் பரிந்துரையுடன் கட்டுரை நிறைவுறும்.

இப்பட்டியல்களில் இடம்பெறுபவை பொய்யல்ல. எனினும் இவற்றுள் எது முதல், எது அதன் வழிவந்தது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. நோயையும் அதன் காரணத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறிப்படி, ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் நிலையைச் சான்றாகக் கொண்டு இப்பட்டியல் முறையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோலின் குறை

அடைவுநிலையை நாம் நெடுங்காலம் யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் கொண்டே அளந்து வந்தோம். 1988இல் தொடங்கிய அத்தேர்வில் தமிழ்ப்பள்ளி மாணவர் 2015 வரை ஏழு தாள்களும் 2016 முதல் எட்டுத் தாள்களும் எழுதினர். ‘7ஏ’, ‘8ஏ’ பெற்றோரின் எண்ணிக்கை பள்ளியின் பெருமைக்கு அடையாளமாயிற்று. இவ்வளவுகோலில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. ஆறாம் ஆண்டில் ஐவர் மட்டுமே பயிலும் தோட்டப்புறப் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி விழுக்காடு 80 ஆகிவிடும். நூற்றுவர் பயிலும் நகர்ப்புறப் பள்ளியில் ஒருவர் தவறினால் அது 99 ஆக நிற்கும். இரு பள்ளிகளிலும் தவறியவர் ஒருவரே. ஆயினும் முன்னது ‘பின்தங்கிய பள்ளி’ என்னும் பெயரைப் பெறுகின்றது.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டது. பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் போக்கு அதனால் தணிந்தமை வரவேற்கத்தக்கது. ஆனால் வேறுபாடு அகலவில்லை. அது கண்ணுக்குப் புலப்படும் காலமே தள்ளிப்போயிற்று. ஆறாம் ஆண்டில் தெரிந்த இடைவெளி இன்று எஸ்.பி.எம். தேர்வில்தான் முழுமையாகத் தெரிய வருகின்றது. அப்போது மாணவருக்கு வயது பதினேழு. சீர்செய்வதற்குரிய காலம் கடந்திருக்கும்.

பள்ளி அமைந்த இடம்

ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்கென உருவானவை. மலாயாவின் கூட்டு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. தோட்டத்தின் தேவையே பள்ளியின் எல்லையாக அமைந்த அவ்வரலாற்றின் தடம் இன்றும் அழியவில்லை. தனியார் நிலத்தில் அமைந்த பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றபோதும், கட்டடமும் பராமரிப்பும் பெருமளவு பள்ளி வாரியத்தின் முயற்சியையே நம்பி நின்றன.

இரப்பர் அழிந்து செம்பனை பரவியதாலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதாலும் குடும்பங்கள் நகரை நோக்கிப் பெயர்ந்தன. ஸ்கூடாய் வட்டாரத்தில் ரினி தோட்டம் முத்தியாரா ரினி குடியிருப்பாக மாறிய பின்னும் அங்குள்ள தமிழ்ப்பள்ளி தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 2006இல் தொடங்கிய இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம் மாநிலத்தின் தென்பகுதியை நோக்கிய இப்பெயர்வை மேலும் விரைவுபடுத்தியது. இதன் விளைவாக ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் ஆகிய பகுதிகளில் மாணவர் திரள, சிகாமட், குளுவாங் போன்ற உள் மாவட்டங்களின் தோட்டப்புறப் பள்ளிகளில் எண்ணிக்கை சுருங்கியது. 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்தப்படுகின்றன. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர் ஒரே கூட்டு வகுப்பில் அமர்கின்றனர். ஒரே பாடவேளையில் இரு பாடத்திட்டங்களை நடத்தும் ஆசிரியரின் பணியை, ‘கற்பித்தலில் குறைபாடு’ என்னும் ஒற்றைத் தொடரில் அடக்குதல் முறையாகாது.

வருமானமும் நேரமும்

வறுமையே தலையாய காரணம் என்னும் கூற்றும் ஜொகூரில் மறுபரிசீலனைக்கு உரியது. மாநிலத்தின் தென்கோடியில் வாழும் பெற்றோர் பலர் வைகறையிலேயே மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். ஒரு சிங்கப்பூர் வெள்ளி பல ஆண்டுகளாக மூன்று ரிங்கிட் அளவில் மதிப்புப் பெற்றுவருவதால் இல்லத்தின் வருமானம் உயர்கின்றது. ஆயின் குழந்தையுடன் அமர்ந்து ஒரு பக்கம் வாசிப்பதற்குரிய நேரம் அவ்வில்லத்தில் இல்லை. வருமானம் குறைந்த இல்லமும் நேரம் குறைந்த இல்லமும் வெவ்வேறானவை. இரண்டிற்கும் ஒரே மருந்து உதவாது. உபகாரச் சம்பளம் முன்னதற்குப் பயன்படும். பின்னதற்குத் தேவைப்படுவது மாலை நேரக் கற்றல் மையம். இவ்வேறுபாட்டை நோக்காது, இரு இல்லத்துப் பெற்றோரையும் ‘அக்கறையற்றோர்’ எனல் நேர்மையான ஆய்வாகாது. பிள்ளைக்காகவே நாள்தோறும் எல்லை கடப்பவருக்கு அக்கறை இல்லை என எவ்வாறு கூறவியலும்?

மொழி என்னும் வாயில்

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர் பயிற்றுமொழியையும் மாற்றிக்கொள்கின்றனர். அறிவியலைத் தமிழில் கற்றவர் அடுத்த ஆண்டில் அதனை மலாய்மொழியில் எதிர்கொள்கின்றனர். யூ.பி.எஸ்.ஆர். காலத்தில் மலாய்மொழித் தாள்களில் குறைந்தபட்சத் தகுதி பெறாதோர் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழித்தனர். நண்பர் முன்னே செல்லத் தாம் ஓராண்டு பின்னிற்கும் மாணவரிடம் தோன்றும் சோர்வை நாம் ‘ஆர்வமின்மை’ எனப் பெயரிட்டுக் காரணப் பட்டியலில் சேர்த்தோம். அது முந்தைய ஆறாண்டுகளின் விளைவு என்பதை மறந்தோம்.

விளைவே காரணமாதல்

இதுவரை நோக்கியவற்றால் பட்டியல் முறையின் அடிப்படைப் பிழை தெளிவாகும். காரணமும் விளைவும் நேர்க்கோட்டில் நில்லாமல் வட்டமாகச் சுழல்கின்றன. மாணவர் குறைந்த பள்ளி தேர்ச்சியிலும் தாழ்ந்ததெனக் கருதப்படுகின்றது. அக்கருத்தால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுகின்றனர். அதனால் அப்பள்ளி மேலும் சுருங்குகின்றது. தாழ்ந்த மதிப்பெண் பெற்றவர் கடைசி வகுப்பில் அமர்த்தப்படுகின்றார். அவ்வகுப்பில் எதிர்பார்ப்பும் தாழ்வதால் மதிப்பெண் மேலும் குறைகின்றது.

சூழலுக்கு இவ்வளவு முதன்மை தருவது ஆசிரியரின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழிவகுக்காதா என்னும் வினா எழலாம். அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை இங்கு நினைக்கத்தக்கது. பள்ளி வசதிகளை விடக் குடும்பப் பின்னணியே அடைவுநிலையோடு வலுவாகத் தொடர்புடையது என்னும் அதன் முடிவு பரவலாக அறியப்பட்டது. ஆசிரியரின் தரம் பின்தங்கிய சிறுபான்மை மாணவரிடத்தே கூடுதல் தாக்கம் செலுத்துகின்றது என அவ்வறிக்கை கண்டதோ அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இல்லம் தரவியலாததைப் பள்ளியே தர வேண்டியுள்ள இடத்தில் ஆசிரியரின் பங்கு பெருகுகின்றதே அன்றிக் குறைவதில்லை.

முடிவுரை

2013-2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டம், நகர்ப்புற-புறநகர் வேறுபாட்டையும் சமூகப் பொருளாதார வேறுபாட்டையும் 2020க்குள் பாதியாகக் குறைக்க இலக்கு வகுத்தது. இலக்கு எதுவாயினும், மாணவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதை அறியாமல் எவ்வளவு தூரம் வந்தார் என்பதை அளக்கவியலாது. எனவே முதலாம் ஆண்டில் சேரும் மாணவரைப் படிவம் ஐந்து வரை தொடர்ந்து நோக்கும் ஆய்வுகளே நமக்கு இன்றைய தேவை. தமிழ்ப்பள்ளியும் அதன் மாணவர் சென்றடையும் இடைநிலைப்பள்ளியும் ஆசிரியர் அளவில் தொடர்புகொள்ளுதல் அதன் முதற்படியாகலாம். ஆய்வு மேற்கொள்ளும் மாணவரும் வழிகாட்டும் பேராசிரியரும் இனிப் பட்டியலோடு நிறைவடையாது, ஒவ்வொரு காரணத்தின் அருகிலும் ‘இது எதன் விளைவு?’ என்னும் வினாவை எழுதிப் பார்த்தல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை காணும் ஆய்வே வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவருக்குப் பயன் தரும்.