காட்சிச்சாலையும் அவையறிதலும்

வள்ளுவனார் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்திருக்கின்றார். பேசத் தெரிதல் ஒன்று. யார்முன் பேசுகின்றோம் என்று தெரிதல் மற்றொன்று. முன்னது மட்டும் உடையவன் பாதிப் பேச்சாளனே. மேடைக்குரிய இவ்விலக்கணம் இக்காலத்து மெய்நிகர் காட்சிச்சாலைகளுக்கும் பொருந்தும் என்பது நமது துணிபு.

மெய்நிகர் காட்சிச்சாலையாவது, அரும்பொருள்களின் படங்களையும் கட்டடங்களின் சுழற்காட்சியையும் இருந்த இடத்தினின்றே கணினியிலோ கைப்பேசியிலோ காணச் செய்வது. கூகுள் நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் 17 காட்சிச்சாலைகளோடு இத்தகைய முயற்சியொன்றைத் தொடங்கினர். 2020இல் கோவிட் நோயின் காரணமாக உலகக் காட்சிச்சாலைகளில் நூற்றுக்கு 90 கதவடைத்தன என்று யுனெஸ்கோ கணித்தது. அதன்பின் இவ்வழி பெருவழக்காயிற்று. மெர்கோங்கில் இருந்துகொண்டே இலண்டனிலுள்ள சிலையை நாம் காணலாம். நன்றே! ஆயினும், காட்சிச்சாலை நமக்குக் காட்டுவதோடு நிற்பதில்லை. வாய் திறவாமலே நம்மிடம் பேசவும் செய்கின்றது. எதை முன்வைப்பது, எம்மொழியில் குறிப்பெழுதுவது, எதை விட்டுவிடுவது என்னும் தெரிவுகள் யாவும் பேச்சே. சொல்வோனின் நம்பகம், சொல்லும் நியாயம், கேட்போனின் உணர்ச்சி என அரிஸ்டாட்டில் வகுத்த மூன்றையும் அங்கே காணலாம்.

நிற்க. நமது கெடாவையே எடுத்துக்கொள்வோம். ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக்கைச் சார்ந்த புக்கிட் பத்து பஹாட்டில், கருங்கல்லாலான பழங்கோயிற்கட்டு ஒன்று உளது. மலாய் மொழியில் இதனைச் சண்டி என்பர். குவாரிச் வேல்ஸ் துரையும் அவர்தம் மனைவியாரும் 1936-37இல் இவ்வட்டாரத்தை அகழ்ந்தாய்ந்தனர். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் என்பார் இதன் கற்களை மீள அடுக்கிக் கட்டினார். அருகே 1980இல் காட்சிச்சாலையும் திறக்கப்பெற்றது. இக்கோயிற்கட்டைக் காட்டும் சுழற்படம் ஒன்றைக் கைப்பேசியில் திறந்து, தோட்டத்து லயத்தில் ஒரு மாலைப்பொழுது ஐவருக்குக் காட்டினோம்.

"நல்லாயிருக்கு ஐயா" என்றனர் ஐவரும். இஃது உபசார வார்த்தை. வருகைப் புத்தகங்களில் நிறைந்து கிடப்பதும் இதுவே. நாம் பொறுத்திருந்தோம். பின்னரே மெய்யான பேச்சுப் பிறந்தது. பால்மரம் வெட்டியே முதுமை எய்திய அம்மையார், "இவ்வளவு கல்லையும் யாரு ஐயா சுமந்தது?" என்றார். இளைஞரொருவர், "இராசேந்திர சோழன் கட்டியதுதானே!" என்று மார்தட்டினார். பள்ளி மாணவி, "இதிலே தமிழ் எங்கே?" என்று குறிப்புகளைத் தேடினாள். முதியவர் ஒருவர், "நாம இருக்கிற படம் ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். ஐந்தாமவர் ஒன்றும் பேசவில்லை.

ஆயிரம் பேர் பார்த்தனர், இத்தனை நிமிடம் தங்கினர் என்னும் கணக்கைக் காட்டிலும் இவ்வார்த்தைகளே சிறந்த மதிப்புரை என்போம். அம்மையாரின் வினா, கட்டியவனைச் சொல்லிச் சுமந்தவனை மறைக்கும் வழக்கத்தைச் சுட்டிற்று. மாணவியின் வினா, தன்னை அவையில் எண்ணாத பேச்சை வெளிப்படுத்திற்று. முதியவரின் வினாவோ எல்லாவற்றினும் கூரியது. மரம் வெட்டும் கத்தியும், பால் பிடித்த மங்கும், பெரட்டுக்கு எழுப்பிய தப்பும் அரும்பொருள்கள் அல்லவோ?

ஆனால், அவையோர் கூறுவதெல்லாம் வேதவாக்கு என்று கொள்வதும் பிழையே. இளைஞரின் பெருமிதத்தையும் பகுத்தறிவால் உரைத்துப் பார்த்தல் வேண்டும். இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மேல் நடத்தியது படையெடுப்பு. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இக்கரை பலநாட்டு வணிகர் கூடிய துறையாக விளங்கிற்று. 1834இல் ஜேம்ஸ் லோ வெல்லெஸ்லி மாகாணத்தில் கண்டெடுத்த, மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டே அதற்குச் சான்று. அக்கல் கல்கத்தாவுக்குச் சென்றுவிட்டது. சிதறிப்போன இத்தகைய சான்றுகளை ஓரிடத்தில் சேர்த்து, இளைஞரின் தவற்றை இனிய முறையில் திருத்துதல் மெய்நிகர் காட்சிச்சாலைக்கே எளிது. அது செய்யாது புகழ்மொழியை மட்டும் ஏற்றுக்கொள்ளுமாயின், அதுவும் கேட்போனை மயக்கும் பேச்சே. படையெடுத்த அரசனைக் கொண்டாடி, கங்காணியின் பின் கப்பலேறிய பாட்டனாரை மறப்பது என்ன நியாயம்?

மற்றொன்றும் கூறவேண்டும். படம் எடுத்தாயிற்று என்னும் நிம்மதி கல்லைக் காக்காது. சுங்கை பத்து தோட்டப் பகுதியில் 11ஆம் எண்ணிட்ட சண்டி, 2013இல் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. எண்ணும் பதிவும் இருந்தன, காவல்தான் இல்லை. காண்போனைக் காவலனாக்காத காட்சி, எத்துணை அழகியதாயினும், தோற்ற பேச்சே ஆகும்.

ஆதலின், மெய்நிகர் காட்சிச்சாலையை மதிப்பிடப் புகுவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இங்கே பேசுவது யார்? அவர் யாரை அவையோராக எண்ணினார்? கேட்டவர் எழுப்பிய வினாவுக்கு விடை வந்ததா? வருகைப் புத்தகத்தில் "எப்படியிருந்தது?" என்பதற்குப் பதில் "இங்கே எது இல்லை?" என்று அச்சிடுக. வந்த விடைகளைப் பெட்டியில் பூட்டாது, அடுத்த காட்சியில் பொருளாக வைத்துக் காட்டுக.

தோட்டத்து அன்பர்களும் நகரத்து அன்பர்களும் இதனை அவர்கள் செய்யும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வீட்டுப் பரணில் கிடக்கும் கத்தியையும் மங்கையும் இன்றே எடுத்துத் துடைத்து, வைத்திருந்தவர் பெயரை அருகே எழுதி வையுங்கள். "நாம இருக்கிற படம் இருக்கா?" என்று கேட்ட முதியவருக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை.