துண்டும் நாணயத்தாளும்

நாணயத்தாளை விமர்சனத்துக்குரிய ஓர் ஆக்கமாக நாம் கருதுவது அரிது. ஆயினும் கற்றோர், கல்லாதோர் யாவர் கையிலும் நாள்தோறும் புழங்கும் ஓவியம் அதுவே. அரசொன்று தன்னை எவ்வாறு காட்ட விரும்புகின்றது என்பதை அறிய அதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை.

மத்திய வங்கி 1991இல் தொடங்கிய தொடரின் நூறு ரூபாத் தாளை நோக்குவோம். அதன் பின்பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுக்குக் கீழே கிளிகள். இரண்டும் ஒரே அழகியல் தளத்தில் வைக்கப்பட்டுள்ளன. கொழுந்து நிறுக்கும் தராசோ, லயன் அறையோ அங்கில்லை. உற்பத்தி உறவுகளினின்றும் பிரிக்கப்பட்ட உழைப்பு இயற்கைக் காட்சியாகிவிடுகின்றது. இதுவும் மலையக மக்களுக்கு ஓர் அங்கீகாரமன்றோ என வினவலாம். அங்கீகாரமே. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட அச்சமூகத்தின் ஒரு பகுதியினர், அவ்வுரிமையைப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நாணயத்தாளிற் கிடைத்த இடம் வாக்காளர் இடாப்பிற் கிடைத்திருக்கவில்லை.

தோட்டத்துக்கும் தாளுக்குமுள்ள தொடர்பு தற்செயலானதன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது. கோப்பித் தோட்டங்களோடு பிணைந்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் வீழ்ந்தது. அதன் தாள்களுக்கு அரசு உத்தரவாதமளித்தது. அரசே தாள்நாணயம் வெளியிடுவதற்கான சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. தொடர்ந்துவந்த தேயிலைக் காலத்தில், தோட்டங்களுக்கிடையே பிறிதொரு தாளும் செல்லுபடியாயிற்று. அதன் பெயர் ‘துண்டு’. தொழிலாளர் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைச் செலுத்தும் தோட்டம் அவர்களைப் பெற்றுக்கொள்ளும். நாணயத்தாள் பண்டங்களைக் கைமாற்றியது. துண்டோ மனிதரையே கைமாற்றியது. 1921இலேயே சட்டம் அதனை ஒழித்தது.

இவ்வரலாறு எதனையும் 1991ஆம் ஆண்டு ஓவியம் கூறவில்லை. 2010ஆம் ஆண்டுத் தொடரில் ஓவியமே மறைந்துவிட்டது. அபிவிருத்தியும் சுபீட்சமும் அத்தொடரின் கருப்பொருள்கள். நூறு ரூபாத் தாளில் நுரைச்சோலை அனல் மின்நிலையம் இடம்பெற்றது. ஆயிரம் ரூபாத் தாள் மலையகத்துக்கே செல்கின்றது. எனினும் அங்கே அது காண்பது றம்பொடைச் சுரங்கப்பாதையை மட்டுமே. முன்பு காட்சியாகவேனும் நின்ற உழைப்பாளி இப்பொழுது காட்சியினின்றும் நீக்கப்பட்டாள்.

2022ஆம் ஆண்டு நெருக்கடி இவ்வோவியங்களுக்கு உரையெழுதியது எனலாம். மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாகவிருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. ஏப்பிரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. சுரங்கப்பாதையும் மின்நிலையமும் பொறித்த தாளைக் கொண்டு வெளியுலகில் எரிபொருள் வாங்க முடியவில்லை. தேயிலை டொலருக்கு விற்கப்பட்டது. அதனைப் பறித்தவளின் கூலி ரூபாவிலேயே கணக்கிடப்பட்டது. ரூபாவுக்கு வெளியே மதிப்புத் தேடித்தரும் கை, உள்ளே மதிப்பிழந்த ரூபாவையே பெற்றது.

கடன் எவர் மீது எழுதப்பட்டிருந்தது என்பதைத் துண்டு மறைக்கவில்லை. நாணயத்தாளின் அழகு அதனை மறைக்கின்றது. அம்மறைப்பை விலக்கிக் காட்டுவது விமர்சனத்தின் கடமையாகும்.