பெயருக்குப் பூட்டிய எஃகு

சிறப்பு எஃகு வார்க்கும் ஆலைக்குக் கத்தி செய்பவர் மிகச் சிறிய வாடிக்கையாளர். தூள் உலோகவியல் எஃகின் பெரிய சந்தை அச்சுகள், வெட்டுக் கருவிகள், பிளாஸ்டிக் எந்திரங்களின் திருகுகள் ஆகியவை. உருகிய உலோகத்தை நைட்ரஜனால் சிதறடித்துத் தூளாக்கி, உறையில் அடைத்து, வெப்பத்தோடு அழுத்திக் கட்டியாக்குவதால் கார்பைடு துகள்கள் பெருத்துவிடாமல் நுண்மையாகப் பரவுகின்றன. ஆலை இதை டன் கணக்கில் உருக்குகிறது. தனிக் கத்தியாளருக்கு வேண்டியதோ மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றிரண்டு பட்டை. அமெரிக்காவில் சிராகியூஸ் நகரின் குரூசிபிள் ஆலை எஃகை வார்த்தது, நயாகரா ஸ்பெஷாலிட்டி மெட்டல்ஸ் அதைத் தகடாக உருட்டியது, விற்பனையாளர்கள் பட்டைகளாக நறுக்கி விற்றார்கள். பலவகைக் கனங்களை வாங்கி வைத்து, விற்கும்வரை முதலை முடக்கிக் காத்திருப்பவரின் லாபத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

குறை, அவர்கள் எஃகை விற்பதைவிடப் பெயரை விற்பதில் இருக்கிறது. குரூசிபிளின் சிபிஎம் 20சிவி, போலரின் எம்390, கார்ப்பென்டரின் 204பி மூன்றும் ஏறக்குறைய ஒரே கூட்டமைப்பு: குரோமியம் 20 விழுக்காடு, வனேடியம் 4 விழுக்காடு, கார்பன் 1.9 விழுக்காடு. ஆனாலும் எது உயர்ந்தது என்று வாங்குவோர் ஓயாமல் வாதிடுகிறார்கள். ஆலைக்கு ஆலை தூய்மையும் உருட்டும் முறையும் மாறும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் கத்தி மழுங்குவதையும் முறிவதையும் அதைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை வெப்பப் பதமும் விளிம்பின் கோணமும். பதம் தவறிய எம்390-ஐ, நன்றாகப் பதமேறிய எளிய ஏஇபி-எல் தோற்கடித்துவிடும். சவர அலகுக்காகப் பிறந்த எஃகு அது!

பெயர்தான் புதிய எஃகுக்குப் பணம் தருகிறது என்பது இன்னும் வலுவான மறுப்பு. 2001-இல் கத்தியாளர்களின் கருத்தைக் கேட்டு குரூசிபிளின் எஸ்30வி எஃகு வந்தது. 2021-இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து அதே ஆலை வார்த்த மேக்னாகட், குரோமியம் கார்பைடே இல்லாமல் துருவெதிர்ப்பையும் உறுதியையும் சேர்த்துத் தந்தது. இவை வெறும் விளம்பரமல்ல. ஆனால் வாங்குபவர் ஒற்றை உலைக்குக் கட்டுப்பட்டதும் இதே வழியில்தான். 2009-இல் திவாலான குரூசிபிள் தொழில், புதிய உரிமையாளர்களிடம் மீண்டெழுந்து 2024 டிசம்பரில் மறுபடி திவால் நீதிமன்றம் போனது. 20சிவி வாங்கியவரால் எம்390-க்கு மாறிக்கொள்ள முடிந்தது; மேக்னாகட்டையே நம்பியவருக்கு நிகரான மாற்று இல்லை, கையிருப்பைத் தேட வேண்டியிருந்தது. பின்பு குரூசிபிளின் எஃகுப் பெயர்களை எராஸ்டீல் நிறுவனம் வாங்கியது. ஆக, பெயர் பிழைத்துக்கொண்டது. கத்தியாளரின் சார்பு அப்படியே இருக்கிறது.

பட்டையோடு கூட்டமைப்பு விவரத்தையும் உருக்கு எண்ணையும் பதமேற்றும் வெப்பநிலைகளையும் தருவது பெரிய செலவல்ல, சிலர் தருகிறார்கள். இன்ன எஃகுக்கு இன்னது நிகர் என்று எழுதத்தான் தயக்கம். எழுதினால், கிடங்கில் இருக்கும் விலையுயர்ந்த பெயரின் விலையை விற்பனையாளரே இறக்க வேண்டிவரும்.