உத்தரகாண்டம் வேண்டுமோ?

ஸ்ரீராமாயணத்தை நவாஹமாகப் பாராயணம் செய்யும் க்ருஹங்களில், ஒன்பதாம் நாள் பட்டாபிஷேக ஸர்க்கத்தோடு ஸ்ரீகோசத்தைக் கட்டிவைப்பதே பெரும்பாலும் வழக்கம். பெருமாளும் பிராட்டியும் ஒரே ஸிம்ஹாஸநத்தில் எழுந்தருளியிருக்கும் சேர்த்தியைச் சேவித்து, பானகமும் வடபருப்பும் அமுதுசெய்வித்து, மங்களம் பாடி முடிக்கிறோம். அதன்பின் ஏழாவதாக ஒரு காண்டம் இருப்பதை அறியாதாரில்லை, எடுப்பார்தாம் இல்லை. இவ்வழக்கத்தையே சான்றாக்கி, அக்காண்டம் பிற்சேர்க்கையே என்றும், சேர்த்தியோடு முடிந்த கதைக்குத் தொடர்ச்சி எதற்கு என்றும் நம்மவரிலேயே சிலர் கேட்கின்றனர். பிராட்டியைக் காட்டுக்கு அனுப்பிய பழியிலிருந்து பெருமாளை மீட்பது அவர்கள் நோக்கம். நோக்கம் நல்லது, வழி நம் ஸம்ப்ரதாயத்துக்கு ஒவ்வாது.

அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. யுத்தகாண்டத்தின் முடிவிலேயே பலச்ருதி வந்துவிடுகிறது. பாரதத்து வனபர்வத்தில் வரும் ராமோபாக்யானம் அபிஷேகத்தையும் அச்வமேதங்களையும் சொல்லி நின்றுவிடுகிறது. கம்பநாட்டாழ்வாரும் முடிசூட்டி, வந்தவர்களுக்கு விடைகொடுத்து நிறுத்திக்கொண்டார். தமிழ் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வேறாக வழங்குகிறது. எனினும் பாலகாண்டம் நான்காம் ஸர்க்கத்தில், ஆறு காண்டங்களும் உத்தரமும் என்று வால்மீகியின் நூலுக்கு எண்ணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. அதைப் பெருமாள் திருமுன்பே பாடுகிறவர்கள் குசலவர்கள். பிராட்டி ஆச்ரமத்தில் இருந்தாலன்றோ அவர்கள் அங்கே பிறந்து, கற்று, பாட வருவார்கள்? அந்த ஸர்க்கமும் பிற்சேர்க்கை என்பாராகில், வெட்டும் கத்தி எங்கே நிற்கும் என்று அவர்களே சொல்லவேண்டும்.

இது ஏட்டாராய்ச்சி மாத்திரமன்று. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தின் தொடக்கத்திலேயே, இதிஹாஸங்களுள் ஸ்ரீராமாயணம் சிறையிருந்தவள் ஏற்றத்தைச் சொல்ல வந்தது என்கிறார். தொடர்ந்து பிராட்டிக்கு நேர்ந்த பிரிவுகளை மூன்றாக எண்ணி, முதலதில் க்ருபையும், நடுவதில் பாரதந்த்ர்யமும், கடையதில் அனந்யார்ஹத்வமும் வெளியாயின என்று அருளிச்செய்கிறார். முதற்பிரிவு இலங்கையில். மற்றை இரண்டும் உத்தரகாண்டத்திலன்றி வேறெங்கும் இல்லை! அதனை நீக்கினால் பிராட்டிக்கு எஞ்சுவது க்ருபை ஒன்றே. புருஷகாரத்துக்கு மூன்றும் வேண்டும் என்று உபதேசிக்கும் சாஸ்த்ரத்துக்கு இரண்டு கால்கள் போய்விடும். பெருமாளைக் காக்கப் புகுந்தவர்கள், பிராட்டியின் ஏற்றத்தை விலையாகக் கொடுத்துக் காக்கிறார்கள்.

நாற்பத்தெட்டாம் ஸர்க்கத்தைச் சேவித்துப் பார்க்கவேண்டும். கங்கையைக் கடத்தி விட்ட இளையபெருமாள், சொல்ல மாட்டாமல் சொல்லி முடிக்கிறார். கருவுற்றிருக்கும் பிராட்டி, இந்த நீரிலேயே உயிரை விட்டிருப்பேன், அவர் வம்சம் அற்றுப்போகுமே என்று தரிக்கிறேன் என்கிறாள். குடிமக்களை உடன்பிறந்தாரைப்போல் நடத்தும்படி பெருமாளுக்குச் சொல்லியும் அனுப்புகிறாள். எந்தக் குடிமக்களின் வாய்ச்சொல்லால் காட்டில் நிற்கிறாளோ, அவர்களுக்காக! தன் உயிரும் தன்னதன்று என்று இருப்பதைப் பாரதந்த்ர்யம் என்று ஆயிரம் முறை காலக்ஷேபத்தில் கேட்டிருப்போம். இந்த ஸர்க்கத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது. வால்மீகி பகவான் எதையும் மறைக்கவுமில்லை. பிராட்டி பரிசுத்தை என்று தம் அந்தராத்மா அறியும் எனப் பெருமாளே தம்பியரிடம் சொன்ன பிறகுதான் அந்த ஆணை பிறக்கிறது. படிக்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை என்றால், பொறுக்கவேண்டும் என்று அவர் எழுதவில்லை.

ஆழ்வார்கள் இக்காண்டத்தை எப்படிக் கையாண்டார்கள்? நம்மாழ்வார் ஏழாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியில், அயோத்தியில் வாழ்ந்த புல்லும் எறும்பும் உள்ளிட்ட சராசரங்களைப் பெருமான் நற்கதி சேர்த்ததைக் கொண்டே அவனைக் கற்கச் சொல்கிறார். அது உத்தரகாண்டத்து முடிவு. குலசேகரப்பெருமாள், தில்லைத் திருச்சித்ரகூடப் பதிகத்தில் ஸ்ரீராமாயணம் முழுவதையும் சுருக்கிப் பாடியவர். அகத்தியர் சொல்லக் கேட்டது, மைதிலி பெற்ற மக்கள் வாயால் தன் சரிதை கேட்டது, லவணவதம், இளையபெருமாளைப் பிரிந்தது, அனைவரையும் வைகுந்தம் ஏற்றியது எல்லாம் அதில் உள. இளையபெருமாளைப் பிரிந்ததைப் பாடிய அந்தத் திருவாய், பிராட்டியைப் பிரிந்ததைப் பாடவில்லை. அவள் பூமிக்குள் புகுந்ததையும் பாடவில்லை. கரனுடைய பதினாலாயிரவர்முன் பெருமாள் தனியே நின்றதைக் கேட்டுப் படை திரட்டியவர் என்று குருபரம்பரை சொல்லும் ஆழ்வார், இதை எப்படிப் பாடுவார்? ஆகவே உத்தரகாண்டம் ஆழ்வார்க்கு ப்ரமாணம். ஆனாலும் ப்ரமாணமானவை எல்லாம் பாடத்தக்கன அல்ல என்பதும் அவர் திருவுள்ளம் என்று கொள்ளலாம். நம் பாராயண வழக்கத்துக்கு இதைவிட நல்ல காரணம் அடியேனுக்குத் தெரியவில்லை.

வேறொரு வழி பவபூதியினுடையது. அவர் தொடர்ச்சியை ஏற்று முடிவை மாற்றினார். உத்தரராமசரிதத்தின் ஏழாம் அங்கத்தில், நாடகத்துக்குள் நாடகமாக நடப்பதே மெய்யாகி, பிராட்டி மீண்டு வருகிறாள். மூன்றாம் அங்கத்தில் பஞ்சவடியில் அவள் உருத்தெரியாமல் நின்று பெருமாள் அழுவதைக் காணும் இடத்தைப்போல் வடமொழி நாடகங்களில் இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆயினும் அந்தச் சேர்த்தியால் மூன்றாம் பிரிவு ஒழிந்தது. அதனோடு, மனத்தாலும் பிறரை நினையாதது மெய்யானால் பூமிதேவி இடம் தரட்டும் என்று மும்முறை சொன்ன சபதமும் ஒழிந்தது. ரஸிகனுக்கு லாபம், ப்ரபந்நனுக்கு நஷ்டம். மாறாக, 1963இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த லவகுசா படம், பிராட்டி பூமிக்குள் புகுவதை மாற்றாமல் காட்டியது. பள்ளிப்பட்டைப் போன்ற எல்லைப்புற ஊர்களில் இரு பாஷையிலும் பார்த்து அழுதவர்கள் உண்டு. 1988இல் தூர்தர்ஷன் ராமாயணம் பட்டாபிஷேகத்தோடு முடிய இருந்தபோது, வால்மீகியைத் தம் குலமுதல்வராகக் கொண்ட வடநாட்டுத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தொடர்ச்சியைக் கேட்டார்கள். வால்மீகியின் ஆச்ரமம் இல்லாத ராமாயணம் அவர்களுக்குக் குறையாகத் தோன்றியது. அதில் பிழை காண அடியேனால் ஆகவில்லை.

பெருமாளின் ப்ரேமத்துக்கும் ஸாக்ஷி உத்தரகாண்டத்தில்தான் இருக்கிறது. பிராட்டி மறைந்தபின் அவர் வேறு தாரம் கொள்ளவில்லை. செய்த வேள்விதோறும் பத்நீ ஸ்தானத்தில் பொன்னாலான ஸீதையே வீற்றிருந்தாள். இதையும் சேர்த்தன்றோ நீக்கச் சொல்கிறார்கள்!

கோவிந்தராஜர் தம் பூஷண வ்யாக்யானத்தை ஏழு காண்டங்களுக்கும் ஆபரணப் பெயரிட்டே அருளினார். திருவடிக்கு மணிமஞ்சீரத்தில் தொடங்கி, உத்தரகாண்டத்துக்கு மணிமகுடம் என்று பெயரிட்டார். க்ருஹங்களில் பாராயணம் பட்டாபிஷேகத்தோடு நிற்கட்டும். ஸ்ரீவசனபூஷண காலக்ஷேபத்தில் மூன்று பிரிவுகளின் ஸூத்ரங்கள் வரும் நாளிலாவது, நாற்பத்தெட்டாம் ஸர்க்கத்தையும் தொண்ணூற்றேழாம் ஸர்க்கத்தையும் கோஷ்டியில் முழுமையாக வாசித்துவிட்டு மாமுனிகள் வ்யாக்யானத்துக்குப் போகலாம்.