நகையும் மருட்கையும்: சிவராத்திரிப் படங்கள் குறித்து

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை அவற்றுள் முதலாவதாக நிறுத்தினார். அந்நகை தோன்றும் நிலைக்களன்களை எண்ணும்போது எள்ளலோடு நிறுத்தாமல் இளமை, பேதைமை, மடன் என்பவற்றையும் சேர்த்து நான்காக்கினார். பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. மழலை கேட்டுச் சிரிப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை மறந்து, எல்லாச் சிரிப்பையும் எள்ளலாகவே நாம் கொண்டுவிட்டதனால் நம் பழைய மாயாஜாலப் படங்கள் இன்று அடைந்திருக்கும் நிலையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

அப்படங்களின் துண்டுக் காட்சிகள் இன்று கைப்பேசிதோறும் உலவுகின்றன. பேய் கையை நீட்டுகிறது. அக்கை பத்து முழம் நீள்கிறது. தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். விடுமுறை நாள்களில் வெவ்வேறு ஊர்களில் வாழும் நண்பர்கள் இணையத்தின் வழியே ஒன்றுகூடி, பழைய படங்கள் மூன்று நான்கை ஒரே நேரத்தில் வரிசையாக ஓடவிட்டு, காட்சிக்குக் காட்சி கேலி பேசி மகிழ்வதும் உண்டு. ஒருவர் முன்னின்று படங்களைத் தேர்ந்து அறிமுகம் செய்கிறார். ஏனையோர் அவரைப் பின்தொடர்கின்றனர்.

அமெரிக்காவில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. 1988 நவம்பர் 24, அவர்கள் நன்றி நவிலும் திருநாள். அன்று மினியாப்பொலிஸ் நகரத்துச் சிறிய தொலைக்காட்சி நிலையம் ஒன்று 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. அதனைப் படைத்தவர் ஜோயல் ஹாட்ஜ்சன். விண்கலத்தில் சிறைப்பட்ட ஒருவனும் அவன் செய்துகொண்ட இயந்திரப் பொம்மைகளும் மட்டமான படங்களைக் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே பரிகசிக்க வேண்டும். திரையின் அடியில் அவர்களுடைய நிழலுருவம் மட்டும் தெரியும். 1991 முதல் அதே திருநாளில் நாள் முழுதும் இந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து ஒளிபரப்பினர். இடையில் நின்றுபோன அவ்வழக்கத்தை 2013-ல் ஹாட்ஜ்சன் இணையத்தில் புதுப்பித்தார். அவர்களுடைய நகைச்சுவையை நாம் குறைகூற வரவில்லை, கூர்மையானது அது. எனினும் அதன் கற்பனை நிற்கும் அடித்தளத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே படம் பார்ப்பது ஒரு தண்டனை.

நம் ஊரில் அது நோன்பின் ஒரு பகுதியாக இருந்தது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையோரச் சிற்றூர்களை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக ஒரு தலைமுறை வளர்ந்தது. அக்கா தங்கையர் அப்பால் வாழ்க்கைப்பட்டனர். கோயில்களும் கொடைகளும் அப்பாலேயே இருந்தன. சிவராத்திரி வந்துவிட்டால் கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் பன்னிரு சிவாலயங்களையும் ஓடியே சுற்றி வரும் சிவாலய ஓட்டம் தொடங்கிவிடும். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் இவ்வோட்டம் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. காவியுடுத்தி, கையில் ஓலை விசிறியுடன், சிவன் கோயில்களை நோக்கி ஓடுகிறவர்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று திருமாலை அழைப்பது கேட்போர்க்குப் புதுமையாக இருக்கும்.

அதற்கொரு கதை உண்டு. பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகம் சிவபக்தியில் சிறந்தது. திருமாலின் பெயரைக் கேட்கப் பொறாதது. வீமன் அதன்முன் கோவிந்த நாமம் சொல்லி ஓடுகிறான், அது துரத்துகிறது. பிடிபடும் நேரத்திலெல்லாம் கண்ணன் கொடுத்த உருத்திராட்சம் ஒன்றைக் கீழே போடுகிறான்; அது இலிங்கமாகிறது; மிருகம் நின்று பூசிக்கிறது; வீமன் மீண்டும் ஓடுகிறான். கடைசியில் ஒரு கால் எல்லைக்கு அப்பாலும் ஒரு கால் இப்பாலுமாகப் பிடிபட்டுவிடுகிறான். வழக்கு தருமரிடம் செல்ல, தம்பி என்றும் பாராமல் பாதி உடல் மிருகத்துக்கே உரியது என்று அவர் தீர்ப்புக் கூறுகிறார். எல்லையோரத்தில் வாழ்கிறவர்கள் இக்கதையை ஏன் இத்தனை ஆர்வத்தோடு சொல்லுகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. விலங்குமனிதன், கல்லாக மாறும் மணி, எல்லைக்கோட்டில் ஒரு தீர்ப்பு ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு மாயாஜாலப் படம் அயலானதாக எவ்வாறு தோன்றும்?

ஓட முடியாதவர்களும் விழித்திருக்க வேண்டுமன்றோ? தமிழகத்துத் திரையரங்குகள் சிவராத்திரியன்று இரவு முழுதும் இரண்டு மூன்று படங்களைத் தொடர்ந்து காட்டிவந்தன. 1980களின் இறுதியில், நம் சிறுவயதில், அந்த வழக்கம் ஊர்த் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் பார்ப்பார்கள். ஒளிநாடாவை வாங்கி வருகிறவர் அன்றைக்கு ஊரில் ஒரு பெரிய மனிதர். எந்தப் படத்தை முதலில் போடுவது, எதை விடியற்காலைக்கு வைப்பது என்பதில் அவர் காட்டிய நுட்பம் எந்தத் திரைப்பட விழாக் குழுவுக்கும் குறைந்ததன்று.

அவ்வரிசையில் தவறாது இடம்பெற்றவை பி. விட்டலாச்சாரியாவின் படங்கள். 1920-ல் உடுப்பியை அடுத்த உத்தியாவரத்தில் பிறந்து 1999-ல் மறைந்த இவர், கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் நிலைபெற்றவர். 1959-ல் 'பெண்குலத்தின் பொன் விளக்கு' என்னும் தமிழ்ப் படத்தையும் இயக்கினார். என்.டி. ராமராவும் காந்தாராவும் இவர் படங்களில் பலமுறை நாயகராக நடித்தனர். எனினும் தமிழர் நெஞ்சில் இவர் பெயரை நிறுத்தியவை மொழிமாற்றப் படங்களே. அவற்றுள் 1978-ல் வெளிவந்த 'ஜகன்மோகினி' தலையாயது. சிக்கனத்திலும் பெயர்பெற்றவர். நடிகர் ஒருவர் தொல்லை கொடுத்தால் அக்கதாபாத்திரத்தை முனிவர் சாபத்தால் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டுப் படப்பிடிப்பைத் தொடர்வார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையோ பொய்யோ, அவர் படங்களைப் பார்த்தவர் எவரும் இதை நம்பத் தயங்கமாட்டார்.

இப்படங்களை எந்த அளவுகோலால் அளப்பது? பாத்திரப் படைப்பு, கதைக்கோப்பு என்று தொடங்கினால் முதல் அடியிலேயே தோற்றுவிடும். நாம் மருட்கையால் அளக்க விரும்புகிறோம். மருட்கை புதுமையிலும் பெருமையிலும் சிறுமையிலும் ஆக்கத்திலும் தோன்றும் என்பது தொல்காப்பியம். இதுவரை காணாதது புதுமை. மிகப் பெரியதும் மிகச் சிறியதும் அடுத்த இரண்டு. ஒன்று மற்றொன்றாய்த் திரிவதை ஆக்கம் என்று உரை கொள்வர். தந்திரக் காட்சிகளை இந்நான்கிலும் அடக்கிவிடலாம் என்பது வியப்பன்றோ? ஒளிப்பதிவுக் கருவியின் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து ஒரு முறை படம்பிடிப்பர். பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை மறைத்து மீண்டும் பிடிப்பர். அருகில் ஒருவரும் தொலைவில் ஒருவரும் நிற்க, அரக்கனும் சிற்றுருவமும் ஒரே சட்டத்தில் தோன்றுவர். கருவி ஒரு நூலிழை அசைந்தாலும் இரண்டு முறை பிடித்ததும் வீண். ஆக்கத்துக்கு வழி இன்னும் எளிது: ஓட்டத்தை நிறுத்தி, மனிதரை அகற்றிக் கிளியை வைத்து, மற்றவர் அசையாதிருக்க மீண்டும் ஓட்டுவது. பிரான்சு நாட்டு மெலியே 1890களிலேயே கையாண்ட வித்தை இது. பிசிறு தெரிகிறது என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தெரியத்தான் செய்கிறது. அன்று நமக்கும் தெரிந்தது.

பிசிறு தெரிந்தும் மருட்கை குலையாமல் நின்றதற்குக் காரணம், மாயம் நிகழும் இடம். ஜகன்மோகினியில் மோகினி வீட்டுக்குள் வந்து அடுக்களையில் அமர்கிறாள். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கிறாள். இந்தத் திரைக்கு முன் அமர்ந்திருந்த பெண்களில் ஒவ்வொருவரும் ஈர விறகோடு போராடியவர்கள். "விறகுக் காசு மிச்சம் மக்களே" என்று பாட்டி ஒருவர் சொல்ல, முற்றமே சிரித்தது. அடுத்த நொடியில் அவரே சிறு பெண்களை அருகில் இழுத்து அணைத்துக்கொண்டார். நகையும் மருட்கையும் அச்சமும் ஒரே காட்சியில் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்தன. காலையே விறகாக்கி வீட்டைப் பேணும் பெண் ஒருத்தி பேயாக மட்டுமே இருக்க முடியும் என்று நினைத்தவர் விட்டலாச்சாரியாவா அல்லவா என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. காட்சி அதைச் சொல்கிறது. துண்டுக் காட்சியாக வெட்டி எடுத்தால் கால் எரிவது மட்டும் மிஞ்சுகிறது, அடுக்களை போய்விடுகிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. மோகினியின் ஆட்டங்கள் முன்வரிசை நாற்காலிகளுக்காகவே நீட்டப்பட்டவை. மனைவி என்பவள் அழுது, நோன்பிருந்து, கற்பின் வலிமையால் வெல்ல வேண்டும் என்ற ஒரே வாய்பாடு படத்துக்குப் படம் திரும்புகிறது. ஒரே அரண்மனைத் தூண்கள் எத்தனை நாட்டு மன்னர்களைத் தாங்கின என்று கணக்கிட்டால் நகைதான் மிஞ்சும்; இந்த நகை எள்ளலேதான், அதற்கு அவர் தகுதியுடையவரே.

பிற்காலத்து அம்மன் படங்களையும் இதே கோலால் அளந்து பார்க்கலாம். இராம நாராயணனின் 'பாளையத்து அம்மன்', 'ராஜகாளி அம்மன்' (இரண்டும் 2000) போன்றவற்றில் கணினி வரைந்த பாம்புகளுக்குக் கனமே இல்லை. அவை எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத வெளியில் நெளிகின்றன. கோடி ராமகிருஷ்ணாவின் தெலுங்குப் படம் 1995-ல் வெளிவந்து 'அம்மன்' என்று தமிழுக்கு வந்தது. அதிலும் கணினி உண்டு. ஆனால் தெய்வம் சிறுமியாக வந்து வீட்டு வேலை செய்கிறது; ஆகவே அங்கே மருட்கை பலித்தது.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க இயலாது. மொழிமாற்ற உரையாடலைக் கேலி செய்வது எளிது. தெலுங்கு உதடு மூடும் இடத்தில் தமிழிலும் உதடு மூட வேண்டும். அதற்காகச் சொற்கள் முன்பின்னாகி வரும். ஆயினும் அங்கே மன்னனும் மந்திரவாதியும் முழுச் சொற்களால், வினைமுற்றோடு, தமிழ் பேசினர். பள்ளியில் மலையாளம் படித்த எல்லைச் சிறுவர்களுக்குச் செந்தமிழ் முதன்முதலில் செவிவழி வந்தது இந்த மாயாவிகளின் வாயிலாகத்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் நேமத்தில், 1951-ல் பி. சுப்பிரமணியம் நிறுவிய மெரிலாந்து படநிலையத்தின் 'குமார சம்பவம்' (1969), 'சுவாமி ஐயப்பன்' (1975) போன்ற மலையாளப் புராணப் படங்களையும் அதே முற்றத்தில் அதே ஆவலோடு பார்த்தோம். இரண்டு மொழியிலும் மாயம் ஒன்றுதான். எனினும் 'சூளுரை' என்ற சொல்லை நமக்குத் தந்தவன் தமிழ் பேசிய மந்திரவாதி. இன்று பெருநகரங்களில் வளரும் பிள்ளைகள் ஒலியை அடக்கிவிட்டு அசைவை மட்டும் பார்த்துச் சிரிக்கும்போது, இழப்பது படத்தை மட்டுமன்று.

ஆகவே வெளியூர்வாழ் குடும்பங்கள் சிவராத்திரிக்கு இத்தகைய வரிசை ஒன்றை அமைக்க விரும்பினால் நாம் இரண்டு நிபந்தனைகள் வைப்போம். கேலி தாராளமாகப் பேசலாம், தமிழில் பேச வேண்டும். பெரியவர் ஒருவராவது உடன் அமர்ந்திருக்க வேண்டும், ஊரிலிருந்து தொலைபேசி வழியாகவேனும். முதல் யாமத்துக்குக் குழந்தைகள் விழித்திருக்கும்போதே 'பாதாள பைரவி' (1951). இரண்டாவதற்கு ஜகன்மோகினி. கண் சொக்கும் மூன்றாம் யாமத்துக்கு 'அம்மன்'. அச்சமே உறக்கத்தை ஓட்டும். கடைசியில் 'மாயாபஜார்' (1957). மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் ரங்காராவின் முன் பண்டங்கள் தாமாகவே எழுந்து அவர் வாய்க்குள் செல்லும் நேரத்தில் கிழக்கு வெளுத்திருக்கும். இரவெல்லாம் உண்ணா நோன்பிருந்தவர்கள் அந்த லட்டுகளைப் பார்க்கும் பார்வையை எந்தத் திறனாய்வாளரும் எழுதிவிட முடியாது. அந்நேரம் அடுக்களையில் தேங்காய் துருவும் ஓசையும் கேட்குமாயின் இன்னும் நன்று.