பில்ட் என்று முடியும் வாக்கியம்

ஜாவாவில் எழுதிய ஒரு நிரலைத் திறந்து, அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தோடு அது பேசத் தொடங்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். நான்கைந்து வரிகள்தான் இருக்கும். எஸ்3கிளையன்ட் என்றொரு பெயர், புள்ளி வைத்துப் பில்டர், இன்னொரு புள்ளி வைத்து ரீஜன், அப்படியே காத்திருக்கும் நேரம், மறுமுயற்சி என்று சில அமைப்புகள், கடைசியில் பில்ட். பலருடைய கண் அங்கே நிற்பதில்லை. கோப்பை ஏற்றுவது, இறக்குவது, பட்டியலிடுவது என்று வேலை நடக்கும் கீழ்வரிகளுக்கு ஓடிவிடுகிறது. எனக்கோ அந்த முன்வரிகள் மேல்தான் தீராத ஆசை. சற்று நின்று அவற்றை என்னோடு ஒருமுறை படியுங்கள்.

எஸ்3 சேவை 2006 மார்ச்சில் பிறந்தது. ஜாவாவிலிருந்து ஏ.டபிள்யூ.எஸ். என்னும் அமேசானின் மேகச் சேவைகளை அழைப்பதற்கான எஸ்.டி.கே.யின் முதல் பதிப்பு 2010இல் வந்தது. அதை அடியிலிருந்து புதிதாக எழுதிய இரண்டாம் பதிப்பு 2018 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நான் நயம் பாராட்ட வந்திருப்பது அந்த இரண்டாம் பதிப்பின் பில்டரை. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ நிரல்கள் பட்ட பாடெல்லாம் அதற்குள் அறிவாகக் கனிந்திருக்கிறது.

முதலில் அதன் நடை. தமிழில் ‘குளித்து, உடுத்தி, உண்டு, புறப்பட்டாள்’ என்கிறோம். எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இடம்விட்டு நிற்கிறது. வினைமுற்று வந்த பிறகே வாக்கியம் மூச்சுவிடுகிறது. பில்டரின் நடையும் இதேதான். ரீஜனைக் குறித்து, சாவி கொடுப்பவரைக் காட்டி, பொறுமையின் எல்லையை வகுத்து என்று எச்சம் எச்சமாக நீண்டு, பில்ட் என்னும் முற்றில் வந்து அமைகிறது. அந்தச் சொல் வரும்வரை கிளையன்ட் என்று ஒரு பொருளே இல்லை. நாம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பில்டர் மட்டுமே இருக்கிறது. அந்தத் தொடரை வாய்விட்டுப் படித்தால் ஓசைகூடக் குறைவதில்லை.

இந்த நடைக்குப் பின்னால் இருக்கும் கைவேலை மிக நுட்பமானது. ரீஜன், அதாவது சேவை இயங்கும் இடம், எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான அமைப்பு. ஆகவே அது ஒரு பொதுத் தாய் இடைமுகத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கோப்புகளை வைக்கும் பக்கெட்டின் பெயரை முகவரியின் பாதைக்குள் எழுதச் சொல்லும் ஃபோர்ஸ் பாத் ஸ்டைல் என்ற அமைப்போ எஸ்3க்கு மட்டும் உரியது. பொது அமைப்பை அழைத்ததும் கையில் பொதுவான பில்டர்தான் திரும்பி வரும் என்றால், அதற்குப் பிறகு எஸ்3க்கே உரிய அமைப்பை அழைக்க முடியாமல் தொடர் அறுந்துபோகும். அறுவதில்லை. தாய் இடைமுகம் தன் குழந்தையின் வகையை ஜெனரிக்ஸ் வழியாக முன்பே கேட்டு வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு அந்தக் குழந்தையின் வகையையே திருப்பித் தருகிறது. எனவே எதை முன்னால் சொன்னாலும் எதைப் பின்னால் சொன்னாலும் தொடர் நீள்கிறது. பயன்படுத்துபவரின் கண்ணில் இந்தக் கைவேலை படுவதே இல்லை. அவர் புள்ளி வைக்கிறார். எடிட்டரில் வேண்டிய பெயர்கள் எல்லாம் வந்து நிற்கின்றன.

பில்ட் சொன்ன பிறகு நிகழ்வதைப் பாருங்கள். பிறந்த கிளையன்ட் இனி மாறாது. அதன் ரீஜனை மாற்ற ஒரு வழியும் கிடையாது. அதற்கான மெத்தடே அதில் இல்லை. முதல் பதிப்பில் கிளையன்ட் பிறந்த பிறகும் அதன் ரீஜனை மாற்றும் மெத்தட் இருந்தது. பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது அது பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையும் ஆவணத்தில் கூடவே இருந்தது. ஒரு த்ரெட் மும்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கையில் இன்னொன்று அதே கிளையன்டைச் சிங்கப்பூருக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் பதிப்பு அந்த எச்சரிக்கைக்கே வேலை வைக்கவில்லை. மாற்றும் வழியையே நீக்கியது. யோசிக்க ஒரு காலம், உழைக்க ஒரு காலம் என்று இரண்டையும் பிரித்தது. பில்டர் யோசிக்கிறது, கிளையன்ட் உழைக்கிறது. ஒரே ஒரு கிளையன்டை நூறு த்ரெட்கள் பகிர்ந்துகொண்டாலும் பூட்டும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஒருமுறை உருவாக்கி நிரலின் ஆயுள் முழுதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆவணங்கள் பரிந்துரைப்பதும் இந்த உறுதியை நம்பித்தான்.

ரீஜனிடம் சற்று நேரம் நிற்போம். அது வெறும் எழுத்துக்கோவையாக இருந்திருக்கலாம். அப்படியானால் ஒரு கோடு விட்டுப்போனாலும் கம்பைலர் கவலைப்படாது. அதற்கென்று ஒரு வகையையே படைத்தார்கள். 2016இல் திறந்த மும்பையும் 2022இல் திறந்த ஐதராபாத்தும் அதற்குள் தத்தம் பெயரோடு மாறிலிகளாக அமர்ந்திருக்கின்றன. இதற்கு எனம் (enum) என்னும் வகைதான் பொருத்தம் என்று எந்த ஜாவா நிரலாளருக்கும் தோன்றும். ரீஜன் எனம் அல்ல. எனம் மூடிய பட்டியல். எழுதிய அன்று இருந்த பெயர்களோடு நின்றுவிடும். ரீஜனோ ஒரு சாதாரண கிளாஸ். தெரிந்த ஊர்களை மாறிலிகளாகத் தருகிறது. ஆஃப் என்ற மெத்தட் வழியாகத் தனக்குத் தெரியாத பெயரையும் ஏற்றுக்கொள்கிறது. நாளை எங்கோ ஒரு ரீஜன் திறந்தால், நூலகத்தின் பழைய பதிப்பை வைத்திருப்பவரும் அதன் பெயரை எழுதி அங்கே போகலாம். இன்னும் பிறக்காத ஊருக்கும் வாசல் திறந்து வைத்த அந்த முன்யோசனையைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அடுத்தது, அந்த வரிகளில் எழுதப்படாத ஒன்று. ரகசியச் சாவியைத் தேடிப் பாருங்கள், எங்கும் இருக்காது. பில்டர் சாவியைக் கேட்பதில்லை, சாவியைத் தருபவர் யார் என்று கேட்கிறது. கிரெடென்ஷியல்ஸ் புரொவைடர் என்பது அந்த அமைப்பின் பெயர். அதையும் நாம் சொல்லாவிட்டால் தானே தேடிப் போகிறது. முதலில் ஜாவாவின் சிஸ்டம் பிராப்பர்ட்டிகள். அடுத்து என்விரான்மென்ட் வேரியபிள்கள். பிறகு வெப் ஐடென்டிட்டி டோக்கன். அதன்பின் பயனரின் ஹோம் டைரக்டரியில் உள்ள பகிர்வுக் கோப்புகள். பின்னர் கன்டெய்னருக்கு வழங்கப்பட்ட சாவி. கடைசியாக, நிரல் ஓடிக்கொண்டிருக்கும் அமேசான் கணினியே தன் இசி2 மெட்டாடேட்டாவை 169.254.169.254 என்ற முகவரியில் கேட்டுப் பெறும் தற்காலிகச் சாவி. கையருகில் இருப்பதில் தொடங்கிச் சுற்றுச்சூழலை நோக்கி விரியும் தேடல் இது. முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும்.

இந்த வரிசையின் அருமை புரிய வேண்டுமானால் ஒரே நிரலை இரண்டு இடங்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேசைமேல் இருக்கும் லேப்டாப்பில் அது கோப்பிலிருந்து சாவி எடுக்கிறது. அதே நிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் சர்வரில் ஏற்றினால், அங்கே கோப்பு இல்லை என்று கண்டு நகர்ந்து, மெட்டாடேட்டாவிடம் போய் நிற்கிறது. அங்கே கிடைப்பது சில மணி நேரமே செல்லும் சாவி. காலாவதி நெருங்கும்போது புரொவைடர் புதியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பிறந்து மாறாமல் நிற்கும் கிளையன்ட், மாறிக்கொண்டே இருக்கும் சாவிகளோடு மாதக்கணக்கில் உழைக்க முடிவது, கேட்டது சாவியை அல்ல, தருபவரை என்பதால்தான். இந்தப் பில்டரில் எனக்கு மிகப் பிடித்த ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ரகசியத்தை நிரலில் எழுதும் தேவையே எழாதபடி செய்த அழகு இது.

அந்த ரகசியச் சாவி வலையில் பயணப்படுவதும் இல்லை. கோரிக்கையோடு போவது அதைக் கொண்டு போட்ட கையொப்பம். சிக்னேச்சர் வெர்ஷன் 4 என்ற அந்த முறையில், ரகசியச் சாவியிலிருந்து ஹெச்மேக் வழியே தேதியைச் சேர்த்து ஒரு சாவி பிறக்கிறது. அதிலிருந்து ரீஜனைச் சேர்த்து இன்னொன்று. அதிலிருந்து சேவையின் பெயரைச் சேர்த்து மற்றொன்று. கடைசியில் ஒரு நிலையான சொல்லைச் சேர்த்துக் கையொப்பமிடும் சாவி. அது அந்த ஒரு நாளுக்கு, அந்த ஒரு ரீஜனுக்கு, அந்த ஒரு சேவைக்கு மட்டும் உரியது. பில்டரில் மெல்லச் சொன்ன மும்பை என்ற சொல் இந்த ஆழம்வரை ஊறியிருக்கிறது. ரீஜனைத் தவறாகச் சொல்லிக் கையொப்பமிட்டு அனுப்பினால், தான் எதிர்பார்க்கும் ரீஜன் எது என்பதையும் சேர்த்தே எஸ்3 பதில் சொல்வதுண்டு. மறுப்பிலும் ஒரு பண்பு.

காத்திருக்கும் நேரத்துக்கு வருவோம். ஏபிஐ கால் டைம்அவுட் என்று ஒன்று. ஏபிஐ கால் அட்டெம்ப்ட் டைம்அவுட் என்று இன்னொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இரட்டைப் பிறவிகள். முன்னது மறுமுயற்சிகள் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தக் காரியத்துக்கும் போடும் எல்லை; பின்னது ஒவ்வொரு முயற்சிக்கும் போடும் எல்லை. மொத்தம் 10 விநாடி, ஒரு முயற்சிக்கு 3 விநாடி என்று எழுதினால், தொங்கிப்போன ஒரு முயற்சி மற்றவற்றின் நேரத்தை விழுங்காது. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இதை வெளிப்படுத்தவே முடியாது. அந்த எண்ணை எழுதும் விதமும் ரசிக்கத்தக்கது. முதல் பதிப்பில் டைம்அவுட்கள் வெறும் முழு எண்கள். 5000 என்று எழுதியிருந்தால் அது மில்லிவிநாடி என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இப்போது ஜாவாவின் டியூரேஷன் வகை வாங்கப்படுகிறது. ஐந்து விநாடி என்றால் ஐந்து விநாடி என்றே வரியில் நிற்கிறது.

மறுமுயற்சியில் ஒரு நுண்ணழகு ஒளிந்திருக்கிறது. சர்வர் தடுமாறும்போது ஆயிரம் கிளையன்ட்களும் ஒரு விநாடி பொறுத்து மீண்டும் கேட்டால், அடுத்த விநாடி ஆயிரமும் சேர்ந்தே வந்து இடிக்கும். இடைவெளியை ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருக்கிக்கொண்டே போனாலும் சேர்ந்து வருவது மாறாது. இடியின் இடைவெளி மட்டும் நீளும். எனவே அந்த இடைவெளிக்குள் ஏதோ ஒரு நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துக் காத்திருக்கும்படி செய்தார்கள். ஜிட்டர் என்பது அதன் பெயர். ஏ.டபிள்யூ.எஸ். பொறியாளர் மார்க் புரூக்கர் 2015இல் இதை வரைபடங்களோடு விளக்கி எழுதினார். ஒரே இடத்தில் குவிந்திருந்த கோரிக்கைகள் நேரத்தின் மேல் மெல்லப் பரவி விரிவதை அந்தப் படங்களில் காணலாம். ஒழுங்கின்மையைக் கலந்து ஒழுங்கைப் பெறும் வித்தை அது. ஸ்டாண்டர்ட் என்ற மறுமுயற்சி முறையில் மொத்தம் 3 முயற்சிகள். அதற்கும் மேலே ஒரு கட்டுப்பாடு உண்டு. மறுமுயற்சிக்கு என்று டோக்கன்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். தோல்விகள் தொடர்ந்தால் அவை தீரும், தீர்ந்தால் கிளையன்ட் மறுமுயற்சியை நிறுத்திக்கொள்ளும். நொந்திருப்பவரை மேலும் வருத்தாத இந்த இங்கிதத்தை நாம் ஒரு வரியும் எழுதாமலே பெறுகிறோம்.

எண்ட்பாயிண்ட் ஓவர்ரைடு என்ற சிறிய அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். அதில் வேறொரு முகவரியைக் கொடுக்கலாம். அதே கிளையன்ட், அதே கையொப்ப முறையோடு, எஸ்3 போலவே பதில் சொல்லி நம் கணினியிலேயே ஓடும் மினியோவோடோ லோக்கல்ஸ்டாக்கோடோ பேசும். சோதனை முடிந்ததும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மீண்டும் மும்பை.

பில்டரில் எனக்குப் பிடித்த இன்னோர் இணை, ஹெச்டிடிபி கிளையன்ட், ஹெச்டிடிபி கிளையன்ட் பில்டர் என்னும் இரண்டு மெத்தட்கள். வலைத்தொடர்பைக் கவனிக்கும் உள்கருவியை இரண்டு விதமாகவும் கொடுக்கலாம். தயாராக இருக்கும் கருவியையே கொடுத்தால், அது நம் பொருள். எஸ்3 கிளையன்டை மூடினாலும் அது மூடப்படாது. அதே கருவியை இன்னொரு கிளையன்டும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் அல்லவா? கருவியின் பில்டரைக் கொடுத்தால், எஸ்3 கிளையன்ட் தானே அதை உருவாக்குகிறது, தான் போகும்போது தானே மூடிவிட்டுப் போகிறது. படைத்தவர் யாரோ அவரே பொறுப்பு என்ற இந்தப் பங்கீடு, எந்த மெத்தடை அழைக்கிறோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பல கிளையன்ட்கள் ஒரே கனெக்‌ஷன் பூலைப் பகிர வேண்டுமானால் முன்னதைத் தேர்ந்தெடுக்கலாம், முடிக்கும் இடத்தில் குளோஸ் என்ற வரியை நாமே எழுதிவிட வேண்டும். ஒற்றை கிளையன்டுக்கு நான் எப்போதும் பின்னதைத்தான் எழுதுகிறேன்.