எதிராளி இல்லாத கதைகள்

சங்க அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பாணன் என்று உறவும் பொறுப்பும்தான். களவில் யார் யார் பேசலாம், கற்பில் யார் யார் சேர்ந்துகொள்ளலாம் என்று தொல்காப்பியச் செய்யுளியல் பட்டியலே போட்டுத் தருகிறது. அந்தப் பட்டியலில் எதிராளி இல்லை.

1927இல் இ. எம். ஃபார்ஸ்டர் கதைமாந்தரைத் தட்டையானவர், முழுமையானவர் என இரண்டாகப் பிரித்தார். மறு ஆண்டே ருஷ்யாவின் விளாதிமிர் பிராப், மாயக்கதைகளை ஆராய்ந்து நாயகன், எதிராளி, உதவுகிறவர், போலி நாயகன் என்று ஏழு பொறுப்புகளைச் சொன்னார். இந்த அளவுகோல்களோடு விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிக் கரிசல் கதைகளுக்குள் நுழைந்தால் ஓரிடத்தில் தட்டுகிறது. எதிராளி கைக்கு அகப்படுவதில்லை.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையில் தீர்வைப் பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதுவரை பிள்ளைகள் அதன்மேல் ஏறி பஸ் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கழற்ற வந்த தலையாரி வெறும் ஏவலாள். தீர்வை போட்டவர் கதைக்குள் காலடி வைப்பதே இல்லை. உயிரில்லாத கதவுதான் அந்த வீட்டில் ஓர் ஆளாகிவிடுகிறது.

பூமணியின் ‘வெக்கை’யில் (1982) எதிராளி உண்டு, வடக்கூரான். ஆனால் பதினைந்து வயதுச் சிதம்பரம் தொடக்கத்திலேயே அவனை வெட்டிச் சாய்த்துவிடுகிறான். மீதி நாவல் முழுக்க அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து, சோறாக்கித் தின்று, பேசிக்கொண்டிருப்பதுதான். கொலைகாரன் என்ற முத்திரை கொஞ்சங்கொஞ்சமாக உதிர்ந்து, அங்கே ஒரு பிள்ளை தெரியத் தொடங்குகிறான். இதே நாவல் ‘அசுரன்’ (2019) என்று படமானபோது கதை மகனிடமிருந்து அப்பனின் தோளுக்கு மாறியது, எதிராளிகளும் பெருகினார்கள். சினிமாவுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். நாவலுக்குத் தேவைப்படவில்லை.

மல்லாங்கிணற்றுக்காரரான எஸ். ராமகிருஷ்ணனின் ‘நெடுங்குருதி’யில் வேம்பலை என்ற ஊரும் அதன் வெயிலுமே பெரிய பாத்திரங்கள். ‘மின்சாரப்பூ’வுக்காக 2008இன் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மேலாண்மை பொன்னுசாமியின் சம்சாரியை அடிப்பவை மழையும் விலையும். வானத்தோடு யார் மல்லுக்கட்ட முடியும்? எதிர்த்து நிற்க ஓர் ஆள் இல்லாததால் நாயகனுக்கும் வீரம் காட்ட இடமில்லை. தாங்கிக்கொள்வதுதான் அவன் வேலை.

அந்தச் சம்சாரி வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த இடம் தீப்பெட்டி ஆபீஸ். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் அது. பிறகு பட்டாசும் அச்சும் சேர்ந்து சிவகாசி ‘குட்டி ஜப்பான்’ ஆயிற்று. சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படம் தீக்குச்சிக் கட்டை அடுக்கும் பிள்ளைகளை வெளியுலகுக்குக் காட்டியது. அதன் நியாயத்தில் ஐயமில்லை. ஆனால் புனைவு அதே பார்வையை இரவல் வாங்கும்போது, தொழிலாளி சாவதற்காகவே கதைக்குள் வருகிறவராகிவிடுகிறார். ஃபார்ஸ்டர் சொன்ன தட்டைப் பாத்திரம் அதுதான்.

ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையிலிருந்து சசி எடுத்த ‘பூ’ (2008) இந்த வழக்கத்தை உடைத்தது. மாரி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவள். அவள் துயரமோ பட்டாசு சம்பந்தப்பட்டதல்ல, தங்கராசு மச்சான் சம்பந்தப்பட்டது. அவனைக் கட்டிக்கொள்ள முடியாமல் போனதைக்கூடச் செரித்துக்கொள்கிறாள். வெயிலில் நடந்துபோய்ப் பார்த்து, கட்டியவளோடு அவன் நன்றாக இல்லை என்று தெரிந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து அழுகிறாள். மாரியின் புருசன் பாசக்காரன். தங்கராசை வசதியான இடத்தில் கட்டிவைத்த அவன் அப்பா பேனாக்காரரும் மகன் நல்லா இருக்கணும் என்றுதான் செய்தார். படத்தில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. ஆலையை விளக்கிச் சொல்லும் சுமையைக் கதை மாரி தலையில் ஏற்றவில்லை. அதனால்தான் அவள் முழு மனுஷியாக நிற்கிறாள்.

இந்த மண்ணின் கதைகளில் இன்னும் ஆழமாக எழுதப்பட வேண்டிய ஆள் கணக்குப்பிள்ளை. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் ஏஜெண்டும் அப்படித்தான். முதலாளிக்கும் பீஸ் ரேட் கூலிக்கும் நடுவில் நிற்கும் இவர்களை வில்லனாக்கிவிடுவது எளிது. இவர்களுக்குப் பின்னால், கதைக்குள் வராத யாரோ ஒருவரை உணரவைப்பதுதான் கடினம். கி.ரா. தலையாரியை வைத்து அதைச் செய்துகாட்டினார். தீப்பெட்டி ஆபீஸ் எழுத்துக்கும் இனி அதுதான் பரீட்சை.